கால் சுடுது

காரைக்குடிக்கு ரயில் புதிதாக வந்த சமயம்
சந்தைப்பேட்டைப் பொட்டலில் கூடாரம் போட்டோம்.
தரை ஓரணா. பெஞ்சு இரண்டணா.
திரைக்கு இடப்பக்கம்
சாதிக்காய்ப் பெட்டியின் மேல் நான்.
படத்தில் பேசாதவர்களுக்கெல்லாம்
பேசுகிற உத்தியோகம்.
ராஜாவுக்குத் தொண்டையிலிருந்து, ராட்சசனுக்கு வயிற்றிலிருந்து.
குதிரைக்குக்கூட நான்தான் கனைத்தேன்.
அவளுக்கு மட்டும்
மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, மெல்லிசாக.

நோட்டீசில் மிஸ் குஞ்சரம்.
ஆறாவது சுருளில்
பாலைவனத்தில் தனியாக நடந்து சாவாள்.
"நாதா, இந்தப் பாவியை மறந்துவிடாதீர்" என்று
இழுப்பேன்.
பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால்
மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும்வரை இழுப்பேன்.
கல்லா நிறைந்த ராத்திரிகளில்
முதலாளி சோடா உடைத்துக் கொடுப்பார்.

மூன்றாம் நாள் சரியாக அந்த இடத்தில்
தரையிலிருந்து ஒரு சிரிப்பு.
சோணைமுத்து. செக்காலையில் நகைக்கு மெருகு போடுகிறவன்.
ஏழு வயசு ஜுரத்தில் காது போனவன்.
நாலாம் நாளும் சிரித்தான்.
ஐந்தாம் நாள் சட்டையைப் பிடித்து
வெளியே இழுத்துப்போனேன்.
அவன் குனிந்து மணலில் எழுதினான்:
கால் சுடுது.
யோசித்து, அதற்குக் கீழே:
சீக்கிரம் எடுங்கய்யா.

அதற்கப்புறம் எனக்கு நாக்குக் குழறிற்று.
சுயம்வர மாலையோடு நின்று அவள் சொன்னது
பூண்டு தின்னுட்டு வந்திருக்கான்.
அம்மனைப் பார்த்துக் கதறியது
போன மாசச் சம்பளத்துக்கு.

ஒருநாள் அவளே வந்தாள்.
புதுவயல் அரிசி மில்லில் உமி புடைக்கிற தாயாருக்குப்
பணம் கொடுக்கப் போகிற வழியாம்.
தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஏழு சுருளும் பார்த்திருக்கிறாள்.
பக்கத்தில் இருந்த பெண்
அவள் தோளிலேயே சாய்ந்து
அவளுக்காக அழுதாளாம்.
பவுடர் இல்லாத முகம், கன்னத்தில் அம்மைத் தழும்பு,
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
பெட்டியிலிருந்து இறங்கியதும் சொன்னாள்:
"நல்லாத்தான் பேசுறேன் நான்."
கட்டைக் குரல். பாதியில் இருமினாள்.

கால் நிஜமாகவே சுட்டதா என்று கேட்டேன்.
யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றினாள்.
பாலாற்று மணல், கத்திரி வெயில்,
பதினோரு தடவை சாகச் சொன்னார்களாம்.
உள்ளங்காலில் ஒரு காசளவு வெளுத்த தோல்.

பிறகு படம் தானே பேசத் தொடங்கிற்று.
பாட வருமா என்று கேட்டார்களாம் அவளை.
என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.
ரங்கூனிலிருந்து வட்டி வராத காலம்.
ஏலக்காரரிடம் கூவுகிற வேலைக்குச் சேர்ந்தேன்.
வெண்கல அண்டாவுக்கும் தேக்கு நிலைக்கும்
ஒருதரம், இரண்டுதரம்.
அவளைச் சேலத்தில் பார்த்தேன் என்றான் ஒருவன்,
அரசவைக் கூட்டத்தில் கடைசியில் நின்றாளாம்.
இல்லை, புதுவயலில்தான், மில்லில் மூட்டை எண்ணுகிறாள்
என்றான் இன்னொருவன்.
இரண்டு இடத்துக்கும் நான் போகவில்லை.

சுருள்களை முதலாளி எடைக்குப் போட்டார்.
எடுத்தவன் சோணைமுத்து.
காரத்தில் ஊறவைத்துக் கழுவினால்
வெள்ளி இறங்குமாம்.
ராஜா கரைந்தான். குதிரை கரைந்தது.
பாலைவனம் வெறும் கண்ணாடித் தாளாயிற்று.
எல்லாம் சேர்த்து
ஒரு ஜோடி மெட்டிக்குக் காணவில்லை.

ஒரு முழம் மட்டும் கழுவாமல் வைத்திருந்தான்.
பட்டறை வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்தான்:
இருபத்துநாலு கட்டம்,
எல்லாவற்றிலும் அவள் வாய்.
ஒரு சொல்லுக்கு மேல் அதில் கொள்ளாது.
என்ன என்று கையை விரித்தேன்.
எழுதுவதற்குத் தரையைப் பார்த்தான். கல் பாவியிருந்தது.
தன் உதட்டையே அசைத்துக் காட்டினான்
சத்தமில்லாமல், நிதானமாக, என் முகத்தருகே வந்து.

எனக்குப் பிடிபடவில்லை.
இன்னொருதரம், என்றேன்.